பவுண்டுக்கு ஒரு பென்னி: லங்காஷயர் நூலகங்களில் எட்டு நாள்

முப்பத்தொரு வருடம் கிளை நூலகத்தில் நூலகராக இருந்துவிட்டு, போன மே மாதம் ஓய்வு பெற்றேன். தங்கை மகன் மான்செஸ்டரில் வேலை பார்க்கிறான். "பெரியம்மா, ஒரு மாசம் வந்து இருங்க. லண்டன், ஸ்காட்லாந்து எல்லாம் கூட்டிட்டுப் போறேன்" என்று டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டான். வந்து சேர்ந்த பிறகு லண்டன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நூலக அறிவியல் படித்த காலத்தில் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த ஊர்ப் பெயர்கள் எல்லாம் அவன் வீட்டைச் சுற்றி ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தன. சால்ஃபோர்ட், வாரிங்டன், பிரெஸ்டன், லிவர்பூல்.

இந்த ஊர்கள் எல்லாம் 1974 வரை லங்காஷயர் என்ற ஒரே கவுண்டிக்குள், நம் மாவட்டம் போன்ற ஒன்றுக்குள், இருந்தவை. அந்த வருடம் எல்லைகளை மாற்றியபோது மான்செஸ்டர், லிவர்பூல், வாரிங்டன் எல்லாம் வேறு வேறு கவுண்டிகளுக்குப் போய்விட்டன. நான் பழைய எல்லையை வைத்துத்தான் சுற்றினேன். தினமும் இரவு எழுதியதை அப்படியே தருகிறேன்.

அக்டோபர் 14, 2024, திங்கள் – மான்செஸ்டர்

காலையிலிருந்து தூறல். குற்றாலச் சாரல் மாதிரிதான், ஆனால் எலும்பில் இறங்கும் குளிரோடு. டிராமில் செயின்ட் பீட்டர்ஸ் சதுக்கத்தில் இறங்கியதும் மத்திய நூலகம் எதிரே நிற்கிறது. வட்டக் கட்டடம், முகப்பில் பெரிய தூண்கள். பார்த்தால் ஆயிரம் வருடக் கோயில் போல இருக்கிறது. கட்டி முடித்தது 1934-ல்தான். பிரதமர் ராம்சே மெக்டொனால்ட் 1930-ல் அடிக்கல் நாட்ட, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்து திறந்தார். கட்டியவர் வின்சென்ட் ஹாரிஸ். பஞ்சாலைத் தொழில் சரிந்து, ஊரில் வேலையில்லாதவர்கள் நிறைந்திருந்த வருடங்கள் அவை. அந்த நேரத்தில் ஒரு மாநகராட்சி இவ்வளவு பெரிய நூலகம் கட்டியிருக்கிறது என்பதை வாசலில் நின்று கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போனதும் கையெழுத்துப் போட வருகைப் பதிவேட்டைத் தேடினேன். இல்லை. பை சோதனை இல்லை. எங்கிருந்து வருகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. நேராக மாடிக்குப் போனேன்.

வாசிப்புக் கூடம் வட்டமானது. மேலே குவிமாடம், நடுவில் ஒரு வட்ட மேடை, அதைச் சுற்றி ஆரக்கால் போல நீண்ட மேசைகள். எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலை மேசையில் வைத்தேன். அந்தச் சத்தம் கூரைக்குப் போய், சுற்றிக்கொண்டு, இன்னொரு மூலையில் வந்து இறங்கியது. எதிரே படித்துக்கொண்டிருந்த மாணவி நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி படிக்க ஆரம்பித்தாள். குவிமாடத்தின் விளிம்பைச் சுற்றிப் பொன் எழுத்தில் ஒரு வரி ஓடுகிறது. நீதிமொழிகளில் வருவது. பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் காலைப் பிரார்த்தனையில் கேட்ட தமிழ் அப்படியே நினைவுக்கு வந்தது: "ஞானமே முக்கியம், ஞானத்தைச் சம்பாதி, என்னத்தைச் சம்பாதித்தாலும் புத்தியைச் சம்பாதித்துக்கொள்."

கீழ்த்தளத்தில் சூடு வரும் குழாய் ஓரமாக, மூன்று பைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். தெருவில் படுப்பவர் என்று பார்த்தாலே தெரிந்தது. ஊழியர் ஒருவர் பக்கத்து அலமாரியில் புத்தகம் அடுக்கினார். அவர் தூக்கம் கலையாதபடி ஒவ்வொன்றாக, மெல்ல.

மதியம் ஒரு சந்துக் கடையில் சாப்பாடு. இந்த ஊரில் 'ரைஸ் அண்ட் த்ரீ' என்கிறார்கள். ஒரு தட்டுச் சோறு, மேலே நாம் காட்டும் மூன்று கறி. பருப்பு, கீரை உருளை, கொண்டைக்கடலை வாங்கினேன். ஏழு பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. பரிமாறிய பெரியவர் லாகூர்க்காரர். என்னை "சிஸ்டர்" என்றார். எனக்குப் பின்னால் நின்ற வெள்ளைக்காரப் பாட்டியை "லவ்" என்றார். இங்கே பஸ் டிரைவர், கடைக்காரர், நர்ஸ் எல்லோருக்கும் எல்லோரும் "லவ்"தான்.

அக்டோபர் 15, செவ்வாய் – மான்செஸ்டர்

இன்றைக்கு செத்தம் நூலகம். ரயில் நிலையத்துக்கும் கால்பந்து அருங்காட்சியகத்துக்கும் நடுவில், 1421-ல் பாதிரியார்கள் தங்கக் கட்டிய மணற்கல் கட்டடம். உள்ளே ஓர் இசைப் பள்ளியும் நடப்பதால் வழிகாட்டியோடு குழுவாகத்தான் விடுகிறார்கள். எங்கள் குழுவில் ஒன்பது பேர்.

ஹம்ஃப்ரி செத்தம் துணி வியாபாரி. கல்யாணம் ஆகாதவர். 1653-ல் இறந்தபோது, ஏழைப் பையன்கள் நாற்பது பேர் படிக்க ஒரு பள்ளியும், யாரும் வந்து படிக்க ஒரு நூலகமும் அமைக்க உயில் எழுதி வைத்தார். ஆங்கிலம் பேசும் உலகத்தில் இன்றுவரை தொடர்ந்து நடக்கும் பொது நூலகங்களில் இதுதான் மூத்தது. இன்னும் ஐந்து தேவாலயங்களுக்கும் சின்ன நூலகங்கள் வைக்க 200 பவுண்டு தனியாக ஒதுக்கியிருந்தார். அந்தச் சின்ன நூலகம் ஒன்று இப்போது இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஓர் ஓக் மரப் பெட்டி, கதவைத் திறந்தால் உள்ளே புத்தகங்கள், ஒவ்வொன்றுக்கும் இரும்புச் சங்கிலி.

'நூல்கள் பயன்பாட்டுக்கே' என்ற நூலக அறிஞர் ரங்கநாதனின் முதல் விதியை நடத்தும்போது எங்கள் ஆசிரியர் சங்கிலி போட்ட புத்தகங்களில் இருந்துதான் ஆரம்பிப்பார். கேட்டதோடு சரி, பார்த்ததில்லை. வழிகாட்டி அனுமதித்ததால் ஒரு சங்கிலியை விரலால் தொட்டேன். மாட்டுச் சங்கிலியைவிட மெல்லியது. குளிர்ந்திருந்தது. பெரிய நூலகத்திலும் ஆரம்பத்தில் சங்கிலிதான். பதினெட்டாம் நூற்றாண்டில் கழற்றிவிட்டு, அலமாரி வரிசைகளுக்கு மரக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள்.

ஜன்னலோரம் ஒரு மேசை. 1845 கோடையில் மார்க்சும் எங்கெல்சும் அங்கே உட்கார்ந்து படித்தார்கள். ஒருவருக்கு 27 வயது, இன்னொருவருக்கு 24. குழுவில் பாதிப் பேர் அதற்காகத்தான் வந்திருந்தார்கள், வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் உட்கார்ந்து பார்த்தேன். நல்ல வெளிச்சம் விழும் இடம். இடம் பார்த்து உட்காரத் தெரிந்த வாசகர்கள்.

ஆனால் என் மனசில் நின்றது வேறு ஒன்று. நூலகருக்குச் சொல்லி வைத்த விதிகளில் ஒரு வரியை வழிகாட்டி வாசித்துக் காட்டினார். நூலகத்துக்குள் வரும் எந்த மனிதரிடமும் எதையும் கேட்கக் கூடாது. அவ்வளவுதான். முந்நூற்றெழுபது வருடத்துக்கு முந்தைய வரி.

எனக்கு ஒரு பையன் ஞாபகம் வந்தான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஏழாம் வகுப்பு. தினமும் வந்து தரையில் உட்கார்ந்து படிப்பான். ஒருநாள் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டான். வைப்புத்தொகை கட்டி உறுப்பினராகணும் என்றேன். விதி அதுதான். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனவன் அப்புறம் வரவே இல்லை. அந்தப் பணத்தை நான் கட்டியிருக்கலாம். அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகளுக்குக் கட்டினேன். அவனுக்குக் கட்டவில்லை. செத்தம் வாசலில் மழையில் நின்றுகொண்டு அவன் பெயரை யோசித்துப் பார்த்தேன். வரவில்லை.

மதியம் கேம்ப்ஃபீல்டுக்கு நடந்தேன். ஊர் வரிப் பணத்தில் நூலகம் நடத்த வழி செய்த 1850 நூலகச் சட்டத்தின்படி மான்செஸ்டரில் அமைந்த முதல் இலவச நூலகம் 1852 செப்டம்பர் 2 அன்று இங்கேதான் திறந்தது. அந்தக் கட்டடம் இப்போது இல்லை. பழைய சந்தைக் கூடங்களும் வேலி போட்ட மண்ணும்தான் இருக்கின்றன. தெருமுனையில் நின்று அந்த நாளை நானே கற்பனை செய்துகொண்டேன். டிக்கன்ஸ் வந்திருந்தார், தாக்கரே வந்திருந்தார். 'மான்செஸ்டர் பள்ளி' என்று ஒரு பொருளாதாரக் கொள்கைக்குப் பெயர் உண்டு. அது என்ன என்று ரொம்ப நாளாகத் தேடினேன், ஏழைக்கும் கதவு திறக்கிற இந்த நூலகம்தான் அது என்று இன்று கண்டுகொண்டேன் என்கிற பொருளில் டிக்கன்ஸ் பேசினார். தாக்கரே பேச எழுந்து நடுவில் தடுமாறி உட்கார்ந்துவிட்டாராம்.

அதைவிட எனக்குப் பிடித்தது ஓட்டுக் கணக்கு. சட்டப்படி வரி கட்டுபவர்கள் ஓட்டுப் போட்டு, மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதித்தால்தான் நூலகம். மான்செஸ்டரில் வேண்டும் என்றவர்கள் 3,962 பேர். வேண்டாம் என்றவர்கள் 40 பேர்.

அக்டோபர் 16, புதன் – சால்ஃபோர்ட்

ஆற்றுக்கு அந்தப் பக்கம் சால்ஃபோர்ட். மஞ்சள் பஸ்ஸில் இரண்டு பவுண்டு. எவ்வளவு தூரம் போனாலும் ஒரு பயணத்துக்கு இரண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசு அப்போது வரம்பு வைத்திருந்தது. இறங்கும்போது ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்கிறார்கள். முதல் இரண்டு நாள் பேசாமல் இறங்கியவள், இன்று நானும் சொன்னேன்.

பீல் பூங்காவின் மேட்டில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1850-ல் இங்கே திறந்த நூலகத்தைத்தான் நாட்டின் முதல் இலவச நகராட்சி நூலகம் என்று சால்ஃபோர்ட்காரர்கள் சொல்வார்கள். இதற்காக உழைத்தவர் ஜோசப் பிரதர்டன். அப்பாவின் பஞ்சாலையில் வேலை பார்த்து வளர்ந்தவர், பின்னால் போதகர், 1832-ல் சால்ஃபோர்டின் முதல் பாராளுமன்ற உறுப்பினர். நடுராத்திரி ஆனதும் எழுந்து சபையை ஒத்திவைக்கச் சொல்லுவது அவர் வழக்கம். நூலகச் சட்டத்தை வில்லியம் யூவர்ட் கொண்டுவந்தபோது பக்கபலமாக நின்றவர் இவர்.

இன்னொரு விஷயம் தெரிந்துகொண்டபோது எனக்குத் தனி சந்தோஷம். பிரதர்டன் சைவம். அவர் போதகராக இருந்த திருச்சபையார் எல்லோரும் புலாலும் மதுவும் விட்டவர்கள். அவர் மனைவி மார்த்தா 1812-ல் வெளியிட்ட காய்கறிச் சமையல் நூல்தான் ஆங்கிலத்தில் வந்த முதல் சைவ சமையல் புத்தகம் என்கிறார்கள். மூன்று நாளாக ஒவ்வொரு கடையிலும் "இதில் இறைச்சி இல்லையே?" என்று கேட்டுக்கேட்டு ஓய்ந்துபோனவளுக்கு, அந்த அம்மாள் பக்கத்து வீட்டுக்காரி மாதிரித் தோன்றினாள்.

சட்டம் என்றதும் எல்லோரும் கைதட்டி வரவேற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். லிங்கன் தொகுதி உறுப்பினர் கர்னல் சிப்தார்ப் எழுந்து, தனக்குப் படிப்பதே பிடிக்காது, ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோதே வெறுத்தேன் என்றார். வேலை பார்ப்பவனுக்கு நூலகம் கொடுத்தால் அது கலகக் கூடமாகும் என்று பயந்தவர்களும் உண்டு. கடைசியில் நிறைவேறிய சட்டம் பாதிச் சட்டம்தான். பத்தாயிரம் பேருக்கு மேல் உள்ள நகராட்சிகளுக்கு மட்டும், சொத்து மதிப்பில் பவுண்டுக்கு அரை பென்னி வரி. அந்தப் பணத்தில் கட்டடம் கட்டலாம், விளக்கு வைக்கலாம், சம்பளம் கொடுக்கலாம். புத்தகம் வாங்கக் கூடாது! புத்தகம் யாராவது தர்மமாகக் கொடுப்பார்கள் என்று விட்டுவிட்டார்கள். 1855-ல்தான் அது ஒரு பென்னியாகி, புத்தகமும் வாங்கலாம் என்று வந்தது. 1919 வரை அந்த ஒரு பென்னிக்கு மேல் போக முடியவில்லை. கவுண்டிகளுக்கு, அதாவது கிராமங்களுக்கு, நூலகம் நடத்தும் அதிகாரம் வந்ததும் அந்த 1919-ல்தான்.

நம் ஊர் வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி வருமே, பார்த்திருப்பீர்கள். ரூபாய்க்கு 10 காசு. 1948-ல் சென்னை மாகாணத்தில் நூலகச் சட்டம் வந்தது. அதன் பின்னால் நின்றவர் சீர்காழியில் பிறந்த ரங்கநாதன். அவர் 1924-ல் லண்டனுக்குப் படிக்கப் போய், இங்கிலாந்தின் நூலகங்களை ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர். நூலகம் தர்மத்தில் ஓடக் கூடாது, சட்டத்தில் ஓட வேண்டும் என்பதை ஆயுள் முழுக்கச் சொன்னவர். என் முப்பத்தொரு வருடச் சம்பளமும் அந்தப் பத்துக் காசின் வழியில் வந்ததுதான். பூங்காவில் ஈர பெஞ்சில் உட்கார்ந்து எக்கிள்ஸ் கேக் சாப்பிட்டேன். உலர்திராட்சையைப் பொதிந்து சுட்ட பண்டம், நம் சோமாசி போல உதிர்கிறது. 1 பவுண்டு 60.

அக்டோபர் 17, வியாழன் – வாரிங்டன்

வீணான நாள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாதி நாள் போய்விட்டது. காலை ரயில் ரத்து. அடுத்ததும் ரத்து. மூன்றாவது ரயில் வந்தது, ஆனால் நடுவழியில் நாற்பது நிமிடம் நின்றது. பிளாட்பாரத்தில் எனக்குப் பக்கத்தில் ஒரு வயதான தம்பதி. அரைமணி நேரம் வானத்தைப் பற்றி மட்டும் பேசினார்கள். பிறகு அந்த அம்மாள் ஃபிளாஸ்கைத் திறந்து, மூடியில் டீ ஊற்றி என்னிடம் நீட்டினார். தனக்கு வைத்திருந்ததில் பாதி. சர்க்கரை இல்லாத டீ. மடமடவென்று குடித்தேன், அவ்வளவு குளிர்.

வாரிங்டனில் இறங்கும்போது மணி ஒன்றரை. இந்த ஊர் சால்ஃபோர்டோடு போட்டி போடும். 1845-ல் வந்த அருங்காட்சியகச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, 1848-லேயே அருங்காட்சியகத்தோடு நூலகத்தையும் வரிப் பணத்தில் ஆரம்பித்துவிட்டார்கள். நூலகச் சட்டத்துக்கே இரண்டு வருடம் முன்னால். ஆனால் வீட்டுக்கு எடுத்துப் போகச் சந்தா கட்ட வேண்டும். அதனால்தான் 'முதல் இலவச' என்ற பட்டத்தை சால்ஃபோர்ட் விட்டுக்கொடுப்பதில்லை. நான் இரண்டு ஊருக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. கண்ணாடிப் பெட்டிகளில் பறவைகள், மேலே இரும்புத் தூண் போட்ட பால்கனி, மெழுகு வாசனை. நல்ல இடம்.

இந்த ஊரில் இன்னொன்று உண்டு. 1858-ல் இங்குள்ள தொழிலாளர் கல்விக் கழகம் குதிரை வண்டியில் புத்தகம் ஏற்றித் தெருத் தெருவாகக் கொண்டுபோனது. உலகத்தின் ஆரம்ப கால நடமாடும் நூலகங்களில் ஒன்று. மன்னார்குடிப் பக்கம் 1931-ல் மாட்டு வண்டியில் நூலகம் போனது எங்கள் பாடத்தில் உண்டு. குதிரை வண்டியின் பழைய படத்தைப் பார்த்தபோது, பக்கவாட்டில் கதவு திறக்கும் அந்த அலமாரி அமைப்பைத்தான் கவனித்தேன். மழை பெய்தால் எப்படிச் சமாளித்திருப்பார்கள்? வண்டிக்காரர் தார்ப்பாய் வைத்திருந்திருப்பார்.

அக்டோபர் 18, வெள்ளி – பிரெஸ்டன்

ஹாரிஸ் நூலகம் மூடியிருந்தது. புதுப்பிக்கும் வேலை சில வருடமாக நடந்துவந்தது என்பதை நான் முன்கூட்டிப் பார்க்கவில்லை. சுற்றிலும் வேலி. ஏமாற்றமாகத்தான் இருந்தது, ஆனால் வெளியே நின்று பார்க்கவே ஒரு மணி நேரம் பிடித்தது.

எட்மண்ட் ராபர்ட் ஹாரிஸ் என்ற வக்கீல் 1877-ல் இறக்கும்போது, பிரெஸ்டன் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்த தன் அப்பாவின் நினைவுக்குப் பெரும் சொத்தை எழுதி வைத்தார். 1882-ல் அடிக்கல், 1893-ல் திறப்பு. கிரேக்கக் கோயில் போன்ற அந்தக் கட்டடத்தை வரைந்தவர் ஜேம்ஸ் ஹிபர்ட் என்ற உள்ளூர்க்காரர். சுவரின் உச்சியில் பெரிய எழுத்தில் வெட்டியிருக்கிறது: இங்கே நீ சேர்க்கும் மனச் செல்வம் என்றும் உன்னோடு இருக்கும். கழுத்து வலிக்க அண்ணாந்து படித்தேன். 'கேடில் விழுச்செல்வம் கல்வி' என்று எங்கள் நூலகத்தில் நீல பெயின்டில் எழுதியிருப்போம். ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்கும்போது மறுபடி எழுத வேண்டும். இவர்கள் கல்லிலேயே வெட்டிவிட்டார்கள்.

பக்கத்துச் சந்தையில் 'பட்டர் பை' கிடைத்தது. வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிடாத கத்தோலிக்கர்களுக்காக வந்த பலகாரம். உருளைக்கிழங்கு, வெங்காயம், வெண்ணெய், மேலே மாவு மூடி. மிளகுத்தூள் தூக்கலாக இருந்தது. 2 பவுண்டு 80. கடைக்காரப் பெண் நான் கேட்பதற்கு முன்னாலேயே "இதில் இறைச்சி இல்லை, லவ்" என்றார். இந்தப் பயணத்தில் சாப்பிட்டதிலேயே இதுதான் ருசி. இன்னொன்று கட்டி வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 19, சனி – லிவர்பூல்

நூலகச் சட்டம் கொண்டுவந்த யூவர்ட் பிறந்த ஊர். மத்திய நூலகத்தின் வாசலுக்குப் போகும் பாதையில் புத்தகங்களின் பெயர்களைக் கல்லில் பதித்திருக்கிறார்கள். மிதிக்க மனசு வரவில்லை. புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊரில் வளர்ந்த கால்கள். ஓரமாகப் புல்லில் நடந்து போனேன்.

வில்லியம் பிரவுன் என்ற வியாபாரி தன் பணத்தில் கட்டிக் கொடுத்து 1860-ல் திறந்தது. பக்கத்தில் 1879-ல் பிக்டன் வாசிப்புக் கூடம். முழு வட்டம், சுவர் முழுக்க மரப் படிகளும் புத்தகங்களும். இந்த நாட்டின் பொது நூலகங்களில் முதன்முதலாக மின்விளக்கு எரிந்தது இங்கேதான். எண்ணெய் விளக்கும் எரிவாயு விளக்கும் இருந்த காலத்தில் நாள் முழுக்க ஆலையிலும் துறைமுகத்திலும் வேலை பார்த்தவர்கள் படிக்க வர முடிந்தது ராத்திரியில் மட்டும்தான். நூலகத்துக்கு வெளிச்சம் என்றால் என்ன என்று, மாலை ஆறு மணிக்கு மின்சாரம் போகும்போதெல்லாம் வாசகர்கள் எழுந்து போவதைப் பார்த்த எனக்குத் தெரியும்.

1941 மே மாதக் குண்டுவீச்சில் பிரவுன் கட்டிய பகுதி எரிந்தது. முகப்புச் சுவர் நின்றது, பின்னால் இருந்த புத்தகங்கள் போயின. பிக்டன் கூடம் தப்பித்தது. அதை ஒரு பலகையில் படித்துவிட்டு நிமிர்ந்தால், அந்த இடத்தில் 2013-ல் கட்டி முடித்த புதிய கூடம் பல மாடி உயரத்துக்குத் திறந்து கிடக்கிறது. மேலே கண்ணாடிக் கூரை. சனிக்கிழமை என்பதால் ஒரே பிள்ளைகள் கூட்டம். கத்துகிறார்கள், ஓடுகிறார்கள், யாரும் அதட்டவில்லை. முப்பது வருடம் "சத்தம் போடாதே" சொன்ன வாய் எனக்கு. இன்று பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆடுபானின் பறவைப் படப் புத்தகம் ஒரு கண்ணாடிப் பெட்டியில் விரித்து வைத்திருக்கிறது. ஒரு பக்கம் நம் வீட்டுக் கதவில் பாதி இருக்கும். பறவைகளை நிஜ அளவில் வரைய வேண்டும் என்பதால் அவ்வளவு பெரியது. ஒரு சிறுவன் பெட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அவன் அப்பாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தான். அவர்கள் பேசிய லிவர்பூல் ஆங்கிலம் எனக்குப் பத்துக்கு ஒரு வார்த்தைதான் புரிந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு – மான்செஸ்டர்

கால் வீங்கிவிட்டது. வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "பெரியம்மா, இன்னைக்காவது நூலகத்தை விடுங்க" என்றான் மருமகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. எப்படியும் மத்திய நூலகத்துக்கு ஞாயிறு விடுமுறை. இதே மான்செஸ்டர் 1878-ல் ஞாயிற்றுக்கிழமையும் நூலகத்தைத் திறந்தது, ஓய்வு நாள் கெடுகிறது என்ற எதிர்ப்பை மீறி. 1871-லேயே பெண்களை உதவியாளர்களாக வேலைக்கு எடுத்ததும் இந்த ஊர்தான். அந்தப் பெண்கள் எத்தனை மணிக்கு வீடு திரும்பினார்கள், யார் கூட்டிப் போக வந்தார்கள் என்று யோசித்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரவு எட்டு மணிக்குப் பூட்டிவிட்டு அப்பாவின் சைக்கிளுக்காக வாசலில் நிற்பேன்.

முதல் நூலகரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எட்வர்ட் எட்வர்ட்ஸ். கொத்தனார் மகன், தானும் அந்தத் தொழிலில் பழகியவர், சொந்தமாகப் படித்து பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். யூவர்டின் சட்டத்துக்கு வேண்டிய கணக்குகளைச் சேர்த்துக் கொடுத்தவர். கேம்ப்ஃபீல்டு நூலகத்தை அவர்தான் வரிசைப்படுத்தி நடத்தினார். குழுவோடு ஒத்துப்போகவில்லை, 1858-ல் வெளியேற்றிவிட்டார்கள். 1886-ல் வைட் தீவில் வறுமையில் இறந்தார். நாட்டில் நூலகம் வரக் காரணமாக இருந்த ஒருவருக்கு இப்படி ஆனது எனக்குப் பொறுக்கவில்லை.

அக்டோபர் 21, திங்கள் – டார்வென்

கடைசி ஊர். போல்டன் வழியாக ரயில். மலைச் சரிவில் கல் வீடுகள், மேலே கோபுரம், ஒரு வழியாக வெயில். சின்ன ஊர், ஆனால் 1908-ல் இங்கே நூலகம் திறக்க, எஃகுத் தொழிலில் கோடீஸ்வரரான ஆண்ட்ரூ கார்னகியே வந்தார். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சேர்த்து 660 நூலகங்களுக்குப் பணம் கொடுத்தவர் எல்லா ஊருக்கும் நேரில் போகவில்லை. அவர் நிபந்தனை ஒன்றுதான் எனக்குப் பிடிக்கும். கட்டடத்துக்கு நான் தருகிறேன், நிலத்தை ஊர் தர வேண்டும், சட்டப்படி பென்னி வரி போட்டு ஊர்தான் நடத்த வேண்டும். கொடையாளி போன பிறகும் விளக்கு எரிய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

விளக்கு அணைந்த இடங்களும் உண்டு. லங்காஷயர் கவுண்டியில் 2016-ல் செலவைக் குறைக்கப் பல நூலகங்களை மூடினார்கள். ஊர் மக்கள் போராடி, அவற்றில் சில திரும்பத் திறந்தன. இதையும் சொல்லாமல் விட்டால் வெறும் கட்டடப் பெருமையாகப் போய்விடும்.

டார்வெனில் கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். மூன்று மணிக்கு மேல் நான் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வந்து, ஏதாவது வேண்டுமா என்றார். நானும் நூலகர்தான், ஓய்வு பெற்றுவிட்டேன், இந்தியாவில் தெற்கே என்றேன். "எத்தனை வருடம்?" என்று கேட்டார். முப்பத்தொன்று என்றதும் உள்ளே போய், மேசை இழுப்பறையிலிருந்து பழைய தேதி முத்திரை ஒன்றைக் கொண்டுவந்தார். இப்போது எல்லாம் இயந்திரம், இதைத் தூக்கிப் போட மனசில்லை என்றார். ரப்பர் பட்டையை விரலால் உருட்டி நாள், மாதம் மாற்றும் அதே முத்திரை. வாங்கி, 21 அக்டோபர் வரை உருட்டினேன். வருடம் 2009-ஓடு நின்றுவிட்டது. ஒரு துண்டுத் தாளில் குத்திக் கொடுத்தேன். ஊதா மை இல்லை, வெறும் அழுத்தம் மட்டும் விழுந்தது. அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மூடும் நேரம் ஆனதும் விளக்குகளை அணைக்க ஆரம்பித்தார். கடைசி அலமாரியிலிருந்து வாசல் நோக்கி, ஒவ்வொன்றாக, யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே. நானும் அப்படித்தான் அணைப்பேன். எழுந்து நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.